ஒரு வீடு, இரண்டு கார்கள்: வாரண்டி நீட்டிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் வசிக்கும் என் அக்காவின் குடும்பம் 2022 டிசம்பரில் வாங்கிய காருக்கு, தயாரிப்பு நிறுவனம் அளித்த மூன்றாண்டு வாரண்டி 2025 டிசம்பரில் முடிவடைய இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கு வாரண்டியை நீட்டித்துக்கொள்ள 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உட்பட ரூ.34,800 செலுத்தலாம் என்று ஷோரூமிலிருந்து விலைப்புள்ளி வந்தது. மூன்று ஆண்டுகளில் வண்டி ஒரு நாளும் சாலையில் நின்றதில்லை என்பதால் இந்தச் செலவு தேவையற்றது என்பது மாமாவின் கருத்து. தானியங்கி கியர்பாக்ஸ் பழுதானால் லட்சத்தைத் தாண்டும் என்று உடன் பணிபுரிவோர் சொல்லக் கேட்டிருந்த அக்காவோ, கட்டிவிடுவதே நிம்மதி என்றார். சர்வீஸ் மையம் ஒன்றின் வாரண்டிப் பிரிவில் நான் சில ஆண்டுகள் பணியாற்றியிருந்ததால், பேச்சு என்னிடம் வந்து சேர்ந்தது.

இருவருமே வண்டியைப் பற்றித்தான் பேசினார்கள். வாங்கப்போகும் ஒப்பந்தத்தை இருவரில் ஒருவரும் படித்திருக்கவில்லை. வாரண்டிப் பிரிவில் இருந்த காலத்தில் நான் மீண்டும் மீண்டும் கண்டது இதுதான். பழுது ஏற்பட்ட பிறகே பெரும்பாலானோர் அந்தத் தாள்களை முதன்முறையாகத் திறக்கிறார்கள். தாங்கள் எந்த உதிரிபாகத்தை நினைத்துப் பணம் கட்டினார்களோ, அதுவே விலக்குப் பட்டியலில் இருப்பதை அப்போதுதான் அறிகிறார்கள். ஆகவே வண்டி பழுதாகுமா என்ற கேள்வியை ஒதுக்கிவைத்து, எந்தப் பழுதை இந்தக் குடும்பத்தால் தாங்க முடியாது, அந்தப் பழுது இந்தத் தாளில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறதா என்ற கேள்வியிலிருந்து தொடங்கினோம்.

வண்டியும் அது ஓடிய சாலையும்

அக்காவின் கார் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும், ஏழு வேக இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸும் கொண்டது. விலைப்புள்ளி வந்தபோது 41,000 கி.மீ. ஓடியிருந்தது. இந்த ஓட்டத்தில் பெரும்பகுதி அவிநாசி சாலையில் நிகழ்ந்தது. வீட்டிலிருந்து நீலாம்பூருக்கு அருகிலுள்ள கல்லூரிக்குச் செல்ல வேறு நல்ல வழி இல்லாததால், உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரையிலான 10.1 கி.மீ. மேம்பாலத்தின் கட்டுமானம் நடந்த காலம் முழுவதும், தூண்களுக்கு இடையே ஒதுக்கப்பட்ட குறுகிய பாதையில் காலையும் மாலையும் ஊர்ந்துதான் அவர் சென்று வந்தார். மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று ஜி.டி. நாயுடுவின் பெயரில் திறக்கப்பட்டபோது வாரண்டி முடிய இரண்டு மாதங்களே இருந்தன.

இந்த விவரம் ஏன் தேவை என்பதற்கு அந்தக் கியர்பாக்ஸின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு கிளட்சுகள் உண்டு. ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கும் மற்றொன்று இரட்டைப்படை கியர்களுக்கும் பொறுப்பு. அக்காவின் வண்டியில் இருப்பது உலர் வகை, அதாவது கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கியிருப்பதில்லை. நெடுஞ்சாலையில் கிளட்ச் முழுமையாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் தேய்மானம் குறைவு. நெரிசலில் பிரேக்கை லேசாக விட்டு வண்டியை ஊர விடும்போதோ, கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் வேலை செய்கிறது. அந்த உரசலில் பிறக்கும் வெப்பத்தை எடுத்துச்செல்ல எண்ணெய் இல்லை. தகடுகள் தேய்வது மட்டுமின்றி, கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டரும், அதற்கு ஆணையிடும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அந்த வெப்பத்துக்கு அருகிலேயே வாழ்கின்றன.

இவ்வகைக் கியர்பாக்ஸுக்கு உலகளவில் ஒரு வரலாறு உண்டு. ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் ஏழு வேக உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் குறித்துச் சீனாவில் புகார்கள் பெருகியதால், 2012இல் அதன் வாரண்டி அங்கு 10 ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. என நீட்டிக்கப்பட்டது; மறு ஆண்டு 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஃபோர்டு நிறுவனத்தின் ஆறு வேக பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸுக்கு அமெரிக்காவில் கிளட்சுக்கான வாரண்டி 7 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல் என உயர்த்தப்பட்டது. அதே கியர்பாக்ஸ் குறித்த வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் அந்நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அக்காவின் கார் இவ்விரு நிறுவனங்களுடையதும் அன்று. இவற்றை எடுத்துக்காட்டி அதையும் குறையுள்ளது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு செய்திகளை இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டோம். இந்த அமைப்பில் பழுதுகள் தோன்றும் இடம் எது என்பது ஒன்று. பரவலான குறை வெளிப்பட்டால் நிறுவனமே செலவில்லாமல் வாரண்டியை நீட்டிப்பது உண்டு என்பது மற்றொன்று. பணம் கட்டுவதற்கு முன், தன் வண்டியின் சேசிஸ் எண்ணுக்கு அப்படி ஏதேனும் இலவச நீட்டிப்போ திரும்ப அழைப்போ அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று சர்வீஸ் மையத்திலேயே கேட்டுவிட வேண்டும். அக்காவின் வண்டிக்கு எதுவும் இல்லை என்று உறுதியானது.

ஒப்பந்தத் தாள்

ஷோரூம் ஊழியர் தொலைபேசியில் பயன்படுத்திய சொல் 'பம்பர் டு பம்பர்', அதாவது வண்டி முழுவதும் காக்கப்படும் என்பது. முழுத் தாளையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பெற்றபோது, அந்தச் சொல் அதில் எங்கும் இல்லை. இருந்தவை மூன்று பகுதிகள்: காக்கப்படும் உறுப்புகள், விலக்கப்பட்டவை, உரிமையாளரின் கடமைகள். இவற்றைத் தலைகீழ் வரிசையில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடமைகளில் தவறியிருந்தால் மற்ற இரண்டையும் படிப்பதில் பயனில்லை.

கடமைப் பகுதியில் ஒரு சிக்கல் உடனே வெளிப்பட்டது. எல்லாக் காலமுறைச் சர்வீஸ்களும் குறித்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் அல்லது குறித்த தொலைவிலிருந்து 1,000 கி.மீ.க்குள் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாமாவின் தாயார் மருத்துவமனையில் இருந்த காலத்தில் இரண்டாம் ஆண்டுச் சர்வீஸ் ஐந்து வாரம் தாமதமாகியிருந்தது. இப்படி ஒரு குறை பதிவில் இருக்கும்போதே பணத்தைப் பெற்றுக்கொள்வார்கள்; கோரிக்கை வரும் நாளில் அதே குறை நிராகரிப்புக்குக் காரணமாகலாம். எனவே அந்தத் தாமதத்தைக் குறிப்பிட்டு, அதனால் நீட்டிப்பு பாதிக்கப்படாது என்று எழுத்தில் உறுதி தருமாறு கேட்டோம். ஷோரூம் அதை நிறுவனத்துக்கு அனுப்பி, ஒன்பது நாள் கழித்து ஒப்புதல் மின்னஞ்சலைப் பெற்றுத் தந்தது. அது வராமல் போயிருந்தால், என் பரிந்துரை அங்கேயே 'வேண்டாம்' என்று முடிந்திருக்கும்.

அடுத்தது விலக்குப் பட்டியல். டயர், பேட்டரி, பிரேக் பேட், வைப்பர், பல்பு, ரப்பர் புஷ் ஆகியவை எந்த நிறுவனத்தின் தாளிலும் விலக்கப்பட்டிருப்பவை, அவற்றில் வியப்பில்லை. ஆனால் 'தேய்மானத்துக்கு உட்பட்ட உறுப்புகள்' என்ற தலைப்பின் கீழ் கிளட்ச் தகடுகளும் இருந்தன. அவிநாசி சாலை நெரிசலில் மூன்று ஆண்டுகள் தேய்ந்த உறுப்பு அதுதான். அக்கா அஞ்சியதும் பெரும்பாலும் அதைத்தான். கியர்பாக்ஸ் காக்கப்படுமா என்று பொதுவாகக் கேட்டால் 'ஆம்' என்பதே பதிலாக வரும், அது பொய்யும் ஆகாது. ஆகையால் கேள்வியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதினோம்: கிளட்ச் தகடுகள், கிளட்ச் ஆக்சுவேட்டர், ஷிஃப்ட் ஃபோர்க் (கியரை நகர்த்தி மாற்றும் கவை), கட்டுப்பாட்டுப் பெட்டி, சென்சார்கள். தகடுகளைத் தவிர மற்ற நான்கும் காக்கப்படும் என்று பதில் வந்தது. ஆக்சுவேட்டர் பழுதால் தகடுகள் கெட்டால் என்ன நிலை என்று இன்னொரு கேள்வியையும் அனுப்பினோம். காக்கப்படும் உறுப்பின் பழுதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தால் தகடுகளும் மாற்றித் தரப்படும் என்றார்கள். இந்தப் பதில் தாளில் இல்லை. மின்னஞ்சலில் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து ஒப்பந்தத்துடன் சேர்த்து வைக்கச் சொன்னேன்.

வேறு சில விலக்குகள் நம் ஊர் நிலைமைக்கு நேரடியாகப் பொருந்துபவை. எலி கடித்த ஒயரிங் எந்த வாரண்டியிலும் வராது. வீட்டு வாசலிலோ மரத்தடியிலோ வண்டியை நிறுத்துவோர் அதைக் காப்பீட்டின் வழியாகத்தான் கோர முடியும். வெள்ளநீர் உறிஞ்சப்பட்டு எஞ்சின் முடங்குவதும் அப்படியே. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளுக்கு வாரண்டியால் பயன் இல்லை. காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தவர்களே அந்தச் செலவைக் கோர முடிந்தது. வாரண்டி நீட்டிப்பு, காப்பீடு ஆகிய இரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகும் என்று கருதி ஒன்றைக் கைவிடுவோர் இன்னும் இருக்கிறார்கள். அது ஆபத்தான எண்ணம்.

ஈ20 பெட்ரோலைப் பற்றியும் கேட்டோம். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி என்பதால், 10 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளையே அதன் கையேடு குறிப்பிடுகிறது. பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பதோ 20 விழுக்காடு கலந்தது. ஈ20 பயன்படுத்தியது என்ற காரணத்துக்காக மட்டும் கோரிக்கை நிராகரிக்கப்படாது என்றும், கலப்படமோ நீரோ கலந்த எரிபொருளால், எஞ்சினுக்குள் அதைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கெட்டால் அது விலக்கு என்றும் பதில் வந்தது. எரிபொருளுக்கு டிஜிட்டல் முறையில் பணம் செலுத்தி, ரசீதுகளை வைத்துக்கொள்வது நல்லது என்ற முடிவுக்கு மாமா தாமாகவே வந்தார்.

இறுதியாக, டேஷ்கேமரா. வெளிக்கடை ஒன்றில் ஒயரை வெட்டி இணைத்துப் பொருத்தியிருந்தார்கள். மின்னமைப்பில் செய்யப்பட்ட இத்தகைய மாற்றங்கள், அதனோடு தொடர்புடைய கோரிக்கைகளைப் பாதிக்கும் என்று தாள் சொன்னது. காக்கப்படும் உறுப்புகளில் பாதிக்கு மேல் மின்னணுச் சாதனங்களாக இருக்கும் ஒரு வண்டியில் இது சிறிய செய்தி இல்லை. இணைப்பைக் கழற்றி, ஒயரிங்கைச் சர்வீஸ் மையத்திலேயே சீரமைத்து அதற்கான ஜாப் கார்டையும் (செய்த வேலையைப் பதியும் தாள்) பெற்று, கேமராவை சார்ஜர் சாக்கெட்டிலிருந்து இயங்கும்படி மாற்றினார்கள்.

உண்மையான விலை

ரூ.34,800 என்பது விலைப்புள்ளி. செலவு அதைவிட அதிகம். நான்காம் ஆண்டிலிருந்து சர்வீஸை கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் தமக்கு நன்கு தெரிந்த மெக்கானிக்கிடம் செய்துகொள்வது என்று மாமா முடிவுசெய்திருந்தார். நீட்டிப்பை வாங்கினால் அது இயலாது. இரண்டு ஆண்டுச் சர்வீஸுக்கு அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் மதிப்பீடு ரூ.29,000; மெக்கானிக் சொன்னது ரூ.18,000. இந்த ரூ.11,000 வேறுபாடும் நீட்டிப்பின் விலையே. ஆக, குடும்பம் கொடுக்கப்போவது ரூ.45,800.

வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனையைச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததாக எழுந்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் சென்றார் என்பதற்காக மட்டும் வாரண்டியை முற்றாக ரத்துசெய்யும் பொதுவான நிபந்தனையை விதிக்கக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே அதை மறுக்கலாம் என்றும் அந்த ஆணை கூறியது. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. கொள்கையளவில் இது நுகர்வோருக்குச் சாதகமானது, அதை நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். ஆயினும், பணம் கொடுத்து நிம்மதியை வாங்க விரும்பும் ஒரு குடும்பத்திடம், நிபந்தனையை மீறிவிட்டுப் பின்னர் ஆணையைக் காட்டி வாதாடலாம் என்று அறிவுரை சொல்வது பொறுப்பாகாது. வாங்கினால் நிபந்தனைப்படியே நடப்பது என்று வைத்துத்தான் கணக்குப் போட்டோம்.

மறுபுறம் பழுதுச் செலவுகள். காக்கப்படும் உறுப்புகளில் விலை உயர்ந்தவற்றுக்கு உதிரிபாகமும் லேபரும் சேர்த்து எஸ்டிமேட் கேட்டோம். ஆக்சுவேட்டரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து ரூ.1,35,000, டர்போ ரூ.82,000; தொடுதிரை ரூ.68,000; ஸ்டியரிங் மோட்டார் அமைப்பு ரூ.54,000, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பெட்டி ரூ.47,000; ஏ.சி. கம்ப்ரஸர் ரூ.31,000. விலக்கப்பட்ட கிளட்ச் தகடுகளுக்கு ரூ.72,000. மாமா நண்பர்களிடமிருந்து திரட்டிவைத்திருந்த பழைய பில்களில் இத்தொகைகள் இன்னும் அதிகமாக இருந்தன. அதற்கு ஒரு காரணம், 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதாவது அடிப்படை விலை மாறாமல் இருந்தால், ரூ.1,28,000 ஆன பாகம் இப்போது ரூ.1,18,000. வாரண்டி நீட்டிப்புக்கோ முன்பும் 18 விழுக்காடுதான். பழுதுச் செலவு குறைந்து நீட்டிப்பின் விலை குறையாதபோது, அதன் பயனும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. இரண்டாண்டுக்கு முந்தைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இன்று முடிவெடுப்பவர் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலிலிருந்து தெரிவது என்ன? ஏ.சி. கம்ப்ரஸர் ஒன்று மட்டும் கெட்டால் ரூ.45,800 திரும்பாது, ஏ.பி.எஸ். பெட்டி கெட்டால் ஏறக்குறைய சமன். நீட்டிப்பு தன் விலைக்கு ஈடுகட்டுவது கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதி, டர்போ, தொடுதிரை, ஸ்டியரிங் ஆகிய நான்கில் ஒன்றேனும் இரண்டு ஆண்டுக்குள் கெட்டால்தான். ரூ.1,35,000 செலவு வருவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றாக இருந்தால்தான் அந்த ஒரு உறுப்புக்காக மட்டும் இந்தத் தொகை நியாயமாகும்; 41,000 கி.மீ. நல்லபடி ஓடிய வண்டியில் வாய்ப்பு அவ்வளவு அதிகம் என்று நான் நம்பவில்லை. இதற்கு மேல் ஷோரூமின் கமிஷன், நிர்வாகச் செலவு, லாபம் எல்லாம் அந்த ரூ.34,800க்குள்தான் அடங்கியிருக்கின்றன. வாங்குவோர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் கொடுத்த பணத்தைவிடத் திரும்பி வருவது குறைவாகவே இருக்கும். இல்லாவிட்டால் இந்த விற்பனையே நடக்காது. மாமாவின் வாதம் இந்த இடத்தில் சரியானது.

ஆனால் சராசரிக் கணக்கு ஒரு குடும்பத்தின் கணக்கு ஆகிவிடாது. அவர்களுக்கு வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு 2026 ஜூனில் கல்லூரிச் சேர்க்கை. அவசரத்துக்கென்று வங்கியில் இருந்தது ஏறத்தாழ ரூ.90,000. இந்நிலையில் ரூ.1,35,000 பில் வந்தால் நகையை அடகு வைத்தே வண்டியை எடுக்க வேண்டும். அந்த அவசர நிதியும் முழுவதும் தீர்ந்துபோகும். வண்டி இல்லாமல் இருக்கவும் முடியாது, நீலாம்பூர் கல்லூரிக்கு அக்கா அதில்தான் போகிறார். ரூ.45,800 இழப்பு அவர்களுக்கு வருத்தம் தரும், ரூ.1,35,000 செலவு அவர்களை நிலைகுலையச் செய்யும். அந்த வேறுபாட்டுக்காகத்தான் சராசரியைவிட அதிகம் கொடுப்பதில் பொருள் இருக்கிறது, வேறெதற்காகவும் இல்லை.

கி.மீ. வரம்பு இவர்களுக்குத் தடையாக இல்லை. ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகள் அல்லது 1,00,000 கி.மீ., இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. ஆண்டுக்குச் சுமார் 13,700 கி.மீ. ஓடும் வண்டி ஐந்தாம் ஆண்டு முடிவில் 68,000 கி.மீ.யைத்தான் தொடும். ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓட்டும் ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதி இதே ஒப்பந்தத்தை வாங்கினால், இரண்டு ஆண்டுக்குப் பணம் கட்டி நான்கு மாதம்தான் பயன்பெறுவார். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த வரம்பு மாறும். எடுத்துக்காட்டாக மாருதி சுஸுகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை மூன்று ஆண்டுகள் அல்லது 1,00,000 கி.மீ. என உயர்த்தி, ஆறு ஆண்டுகள் அல்லது 1,60,000 கி.மீ. வரையிலான நீட்டிப்பையும் அறிமுகப்படுத்தியது. ஆண்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்பிடுவோர் ஓடோமீட்டரையும் பார்க்க வேண்டும்.

மலிவான இன்னொரு அழைப்பு

இதற்கிடையே, கார் நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு விற்பனை முகமை மாமாவைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.22,000 என்று சொன்னது. ஏறத்தாழ ரூ.13,000 குறைவு என்பதால் மாமா அதில் நாட்டம் காட்டினார். ஒப்பந்தத்தின் முழு வாசகத்தைக் கேட்டபோது, பணம் செலுத்திய பிறகுதான் அனுப்புவோம் என்றார்கள். அத்துடன் அந்தப் பேச்சை நிறுத்தச் சொன்னேன்.

இது மிகையான எச்சரிக்கை இல்லை. வாரண்டி என்பது நாளைக்குச் செலவழிப்பதாக இன்று ஒருவர் தரும் வாக்கு. அவர் நாளை இருப்பாரா, இருந்தாலும் தருவாரா என்பவைதான் அதன் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் இவ்வகை ஒப்பந்தங்களைத் தொலைபேசி வழியாகவும் தொலைக்காட்சி விளம்பரம் வழியாகவும் பெருமளவில் விற்ற மிசூரி மாநிலத்தின் யு.எஸ். ஃபிடெலிஸ் நிறுவனம் 2010இல் திவால் மனு கொடுத்தது. கார்ஷீல்டு என்ற நிறுவனத்தின் விளம்பரங்கள் ஏமாற்றக்கூடியவை என்று கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், அந்நிறுவனமும் ஒப்பந்தங்களை நிர்வகித்த நிறுவனமும் சேர்ந்து 1 கோடி டாலர் கொடுக்க 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டன. காக்கப்படும் என்று விளம்பரத்தில் சொன்ன பழுதுகள் பல நடைமுறையில் காக்கப்படவில்லை என்பதே அந்த வழக்கின் சாரம். வெளி நிறுவனங்கள் எல்லாமே இப்படி என்று சொல்வதற்கில்லை. முன் அனுமதி பெறாமல் வண்டியைப் பிரிக்கலாமா, சர்வீஸ் மையம் நேரடியாகத் தொகையைப் பெறுமா அல்லது உரிமையாளர் முதலில் கட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டுமா, ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு உண்டா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் தரும் நிறுவனமாக இருந்தால் பரிசீலிக்கலாம். தாளையே காட்ட மறுப்பவரிடம் விலையைப் பற்றிப் பேச எதுவும் இல்லை.

எடுக்கப்பட்ட முடிவு

அக்காவின் காருக்கு, தயாரிப்பு நிறுவனத்தின் இரண்டாண்டு நீட்டிப்பை வாங்குவது என்று நவம்பர் கடைசி வாரத்தில் முடிவாயிற்று. ஓராண்டு மட்டும் எடுத்தால் ரூ.19,500, ஐந்தாம் ஆண்டுக்கான நீட்டிப்பைப் பின்னர் தனியே வாங்கும்போது வண்டியை மீண்டும் ஆய்வுக்கு உட்படுத்துவார்கள், விலையும் அன்றைய விலையாக இருக்கும். மின்னணுப் பெட்டிகள் வயது கூடக் கூடத்தான் பழுதாகத் தொடங்கும் என்பதால், முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டே இவர்களுக்கு முக்கியம் என்று நான் கருதினேன். கிளட்ச் தகடுகளின் ரூ.72,000 ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிறது. அதற்காக மாதம் ரூ.3,000 வீதம் தனிச் சேமிப்பு தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டில் அந்தத் தொகை சேர்ந்துவிடும். நெரிசலில் இடைவெளி விட்டு, முன்னால் உள்ள வண்டி நகர்ந்த பின் ஒரே நகர்வாகச் செல்வது, சரிவில் பிரேக்கை விடாமல் நிற்பது என்ற இரு பழக்கங்களையும் அக்கா மேற்கொண்டிருக்கிறார். மேம்பாலம் திறந்தபின் ஊர்ந்து செல்லும் நேரம் குறைந்திருப்பதும் அவருக்குத் துணை.

கோரிக்கை மறுக்கப்பட்டால் என்ன வழி என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொண்டோம். மறுப்பை எழுத்தில், காரணத்துடன் பெற வேண்டும்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யலாம்; அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருக்கும் புகார்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. அங்கு எடுபடுவது ஆவணம் ஒன்றே. சர்வீஸ் பில்கள், ஜாப் கார்டுகள், தாமதத்தை ஏற்ற மின்னஞ்சல், உறுப்பு வாரியான பதில் ஆகியவை ஒரே கோப்பில் சேர்க்கப்பட்டன.

பணம் கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. நீட்டிப்பு வாங்குவோரும் வாங்காதோரும் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைச் செய்வோர் மிகச் சிலரே என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அடிப்படை வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்பு வண்டியைச் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுசென்று, லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்கச் செய்து, கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அனைத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லி, தனக்குத் தோன்றும் ஒவ்வொரு குறையையும் ஜாப் கார்டில் எழுதவைக்க வேண்டும். வாரண்டிக் காலத்துக்குள் பதிவான குறையைப் பின்னர் பழைய குறை என்று தள்ளுவது கடினம். அக்காவின் வண்டியில் மேடு பள்ளங்களில் ஸ்டியரிங்கில் மெல்லிய ஒரு தட்டொலி இருந்தது. பழகிப்போனதால் அவர் அதைச் சொல்லாமலே விட்டிருந்தார். நவம்பர் ஆய்வில் ஸ்டியரிங் மோட்டாரின் இணைப்பில் இருந்த தேய்ந்த கப்ளிங் கண்டறியப்பட்டு, அடிப்படை வாரண்டியிலேயே மாற்றப்பட்டது.

அப்பாவின் கார்

உடுமலைப்பேட்டையில் இருக்கும் அப்பாவுக்கும் இதே காலத்தில் ஒரு விலைப்புள்ளி வந்தது. அவருடையது 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் எஞ்சின், கைக் கியர், டர்போ இல்லாத சிறிய கார். ஓய்வூதியத்தில் வாழும் அவர் ஆண்டுக்கு 7,000 கி.மீ.க்கு மேல் ஓட்டுவதில்லை. கேட்கப்பட்ட தொகை ரூ.13,500. காக்கப்படும் உறுப்புகளில் மிக அதிகச் செலவு வைக்கக்கூடியது ஸ்டியரிங் மோட்டார், எஸ்டிமேட் ரூ.38,000, மற்றவை எல்லாம் அதற்குக் கீழே. அவருடைய வங்கி இருப்பு அதைத் தாங்கும், ஒரு வாரம் வண்டி இல்லாவிட்டாலும் பேருந்தில் போய்வருவார். அவருக்கு வேண்டாம் என்று சொன்னேன். மகளுக்கு வாங்கச் சொல்லிவிட்டுத் தனக்கு ஏன் மறுக்கிறாய் என்று அப்பா கேட்டார். இரண்டு எஸ்டிமேட்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, அவர் தொகைகளை ஒருமுறை படித்துவிட்டு, அந்த ரூ.13,500ஐ அஞ்சலகத்தில் போட்டுவைக்கிறேன் என்றார். கடைசி மாத ஆய்வை மட்டும் அவருக்கும் செய்துமுடித்தோம். ஸ்கேனில் குறை எதுவும் பதிவாகவில்லை.